உள்ளூர்க் கணக்கில் ஒரு விடுதி

கட்டட மதிப்பீட்டாளரான அவரை அனைவரும் ‘எஸ்டிமேட் சார்’ என்றே அழைத்தனர். தேவைக்கு மேல் ஒரு செங்கல்லைக்கூடக் கணக்கில் ஏற்றாதவர். தாயில்லா மகளின் பட்டப்படிப்புக்கும் அவ்வாறே இரண்டு மதிப்பீடுகளைத் தயாரித்திருந்தார்.

“வெளிநாடுன்னா வீட்டை வித்தாகணும்மா. உள்ளூர்னா பாதிச் செலவுதான்.”

மகள் இரண்டையும் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“எஸ்டிமேட் சாரே தப்பு பண்ணிட்டீங்களே. காலேஜ் அடுத்த தெருவுல இருக்கு. உள்ளூர்க் கணக்குல எதுக்குப்பா ஹாஸ்டல்?”

அவர் மகளின் முகத்தைப் பாராமலே பதில் சொன்னார்.

“தப்பில்லம்மா. இந்த வீட்ல நீ தனியா எப்படி இருப்பே?”

“ஏன், நீங்க எங்கப்பா போறீங்க?”

“இந்த வருஷத்தைத் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார்.”

மகள் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“உள்ளூர்லயே சேர்றேன்ப்பா. முதல் வருஷத்துக்கு ஹாஸ்டல் வேண்டாம்.”