பச்சை பூத்த கீபோர்டு

செஞ்சி கடைவீதியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பூங்குழலி, அந்தப் பழைய இசைக் கீபோர்டைத் திறந்ததும் உதட்டைப் பிதுக்கினாள். பேட்டரி கசிந்து போர்டெல்லாம் பச்சை பூத்திருந்தது.

“எத்தினி வருசமா தொடலண்ணா?”

“மூணு வருசமாச்சும்மா. எப்டியாவது பேச வச்சிடு” என்றார் தனசேகரன்.

வினிகர் தொட்டுத் தேய்த்து, அரித்துப்போன தடங்களில் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைப்பதற்குள் மதியமாகிவிட்டது. கட்டையை அழுத்தினாள். கணீரென்று ஒலித்தது. தனசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இவ்ளோ ஆசைய வச்சிக்கினு ஏண்ணா வாசிக்காம வுட்டீங்க?”

“எனக்கு இன்னா தெரியும்? இது பக்கத்து வூட்டு ரஞ்சனியோடது. சத்தம் தாங்கலன்னு சண்ட போட்டு நிறுத்துனவனே நான்தான்.”

பூங்குழலி திகைத்தாள்.

“அப்பதான் எம் பொண்ணுக்குக் காது கேக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. அவளுக்குக் கேக்காத பாட்டு எனக்கு எதுக்குன்னு ஒரு ஆத்திரம். இப்ப ஆபரேசன் பண்ணி, போன வாரம் காதுல மெசின ஆன் பண்ணாங்க. கைதட்டுனேன், திரும்பிப் பாத்துச்சும்மா! ரஞ்சனிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். பாப்பாவ மடியில வச்சிக்கினே வாசிக்கிறேன்னு சொல்லிருக்குது.”