கர்ப்பிணிகளுக்கு மட்டும்

"முப்பத்தாறு மூலிகையா?"

சக்கரபாணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேஜைக்கு எதிரே நின்ற பெண்ணைப் பார்த்தார். வெள்ளைச் சேலை, கையில் குடை. அடி அண்ணாமலைப் பக்கம் பிரசவம் பார்க்கிற நர்ஸ் சந்திரகலா.

"ஆமா சார்."

"ஒரு டம்ளர் குடிச்சா ஆறு முட்டைக்குச் சமமா?"

"அப்படியே போடுங்க சார்."

தேரடி வீதியில் இருபத்தெட்டு வருஷமாக அச்சகம் நடத்துகிறவர் சக்கரபாணி. எழுத்துப் பிழையோடு ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அங்கிருந்து வெளியே போனதில்லை. சர்க்கரை வியாதி ஒரே வாரத்தில் ஓடிவிடும் என்று எழுதிக்கொண்டு வந்த லேகிய வியாபாரியை, வேறு அச்சகம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியவர்.

பாக்கெட் மேல் அச்சடிக்க அவள் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தை மறுபடியும் படித்தார்.

'உலகப் புகழ் பெற்ற சர்வ சஞ்சீவி சத்து மாவு. முப்பத்தாறு அபூர்வ மூலிகைகள் சேர்ந்தது. பெரிய பெரிய டாக்டர்கள் வியந்து பாராட்டியது.'

"உள்ளே நெஜமா என்னாம்மா இருக்குது?"

"கேழ்வரகு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை. கொஞ்சம் வெல்லம்."

"மூலிகை?"

"ரெண்டு ஏலக்காய் தட்டிப் போடறோம்."

அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு வியாபாரமா என்று அவருக்குக் கசந்தது.

"பாக்கெட் என்னா விலைக்கு விக்கிறீங்க?"

"விக்கலை சார். நானும் ஆயாம்மா உண்ணாமலையும் வறுத்து அரைச்சு, கர்ப்பமா இருக்கிற பொண்ணுங்களுக்குச் சும்மாதான் குடுக்கிறோம்."

சக்கரபாணிக்குக் கசப்பு போய்க் குழப்பம் வந்தது. சும்மா கொடுக்கிற மாவுக்கு எதற்கு இவ்வளவு புளுகு? காகிதத்தின் அடியில் இருந்த வரியை அப்போதுதான் கவனித்தார்.

'கர்ப்பிணிகளுக்கு மட்டும். ஆண்கள் உண்டால் பத்தே நாளில் மீசை கொட்டும்.'

"என்னாம்மா இது? இதைப் படிச்சா அந்தப் பொண்ணுங்களே பயந்துடுவாங்களே."

"அவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது சார்."

"பின்னே யாருக்கு இத்தனை எழுத்து?"

"வீட்டு ஆம்பளைங்களுக்கு."

சக்கரபாணி நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் வரைக்கும் வெறும் பேப்பர்ல மடிச்சுத்தான் குடுத்தோம். ஆடி மாசம் ஒரு பொண்ணு செத்துப் போச்சு. உடம்புல ரத்தமே இல்லை. நான் வாராவாரம் குடுத்த மாவு என்னா ஆச்சுன்னு அவ மாமியாரைக் கேட்டேன். 'வெயில்ல வேலை செய்யற ஆம்பளை, அவன் குடிச்சான்'னு சொல்றாங்க. அதுல தப்பு இருக்கிறதாவே அவங்களுக்குத் தோணலை. அந்தப் பொண்ணே கரைச்சுக் கரைச்சுக் குடுத்திருக்கா."

"எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லாத வீடு இல்லை சார். தலையத் தலைய ஆட்டறாங்க. அடுத்த நாளும் அவன்தான் குடிக்கிறான்."

"சரி, மீசை ஒரு வரி. அந்த மூலிகையும் டாக்டரும் எதுக்கு?"

"கடையில இருக்கிற டப்பாவையெல்லாம் பாத்து எழுதினேன். மேல அதெல்லாம் இருந்தாத்தான் சார், கீழ இருக்கிறதையும் நம்புவாங்க."

சக்கரபாணி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு காகிதத்தோடு எழுந்தார். ஒரு சொல்லைக்கூட வெட்டாமல் தானே அச்சுக் கோத்தார். அடி வரிக்கு மட்டும், திருவிழா நோட்டீஸுக்கு வைத்திருந்த பெரிய எழுத்தை எடுத்தார்.

பதினைந்து நாள் போயிருக்கும். வாட்டசாட்டமாக ஓர் ஆள் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். மேலுதட்டில் அடர்ந்த மீசை. கையில் மாவு பாக்கெட்.

"ஐயா, இதை அச்சடிச்சது நீங்கதான்னு அடியில போட்டிருக்குது."

"ஆமா. நீ யாருப்பா?"

"வேணுங்க. அடி அண்ணாமலை. சம்சாரத்துக்கு ஆறு மாசம். நர்ஸம்மா இதைக் குடுத்தாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வாசனையா இருந்துச்சு. நேத்து நான் ஒரு டம்ளர் குடிச்சுட்டேன். அப்புறந்தான் இதைப் படிச்சேன். நீங்க தப்பா எதையும் அச்சடிக்க மாட்டீங்கன்னு டவுன்ல சொல்றாங்க. இதுல போட்டிருக்கிறது நெஜங்களா?"

சக்கரபாணி அவன் மீசையைப் பார்த்தார். பிறகு பாக்கெட்டை வாங்கி, ஏதோ இப்போதுதான் முதல் தடவை படிக்கிறவர் மாதிரி மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"ஒரு டம்ளர்தானே? ஒண்ணும் ஆகாது. இனிமே தொடாதே. பொண்டாட்டி குடிக்கிறாளான்னு மட்டும் கூடவே இருந்து பாத்துக்கோ."

"அப்ப நெஜந்தானுங்களா?"

அன்று காலையில்தான் மழித்திருந்த மேலுதட்டை அவர் ஒரு விரலால் மெல்லத் தடவிக்கொண்டார்.

"அச்சடிக்கிற அன்னைக்கு, ருசி எப்படி இருக்குதுன்னு பாக்க ரெண்டு டம்ளர் குடிச்சேன்பா. அதுவரைக்கும் இங்கே முறுக்கு மீசை இருந்துச்சு."