ஸ்பிரிங் வைத்த சறுக்குப்பலகை

சுன்னிவா நீட்டிய சறுக்குப்பலகை வரைபடத்தைப் பயிற்சியாளர் தோர்கெய்ர் ஒற்றை விரலால் ஒதுக்கினார். அவர் ஒப்புதல் கையெழுத்துப் போடாவிட்டால் பனிச்சறுக்குக் குழு அந்தப் பலகையை வாங்காது. அவளுடைய இரண்டு வருட உழைப்பு வீண்.

"கோடையில காட்டுப் பாதையில பழகத்தான் பலகைக்கு அடியில சக்கரம், கோச். கல்லுல ஏறினா ஸ்பிரிங் அமுங்கும். அதிர்வு முழங்காலுக்கு வராது."

"பனியில பொறந்த நார்வேக்காரனுக்கு ஸ்பிரிங்கா? குழந்தை வண்டியில மாட்டும்மா!"

"ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன்."

"எதுக்கு? உதைக்கிற வேகத்துல பாதியை ஸ்பிரிங்கே தின்னுடுது. இடப்பக்கம் திரும்பினா கிழட்டுப் பூனை மாதிரி கத்துது. த்தூ!"

சுன்னிவா வரைபடத்தை நிதானமாகச் சுருட்டினாள்.

"நான் செஞ்சதே ஒரு ஜோடிதான், கோச். போன வாரம் என் பட்டறையிலேர்ந்து காணாமப் போச்சு. கையெழுத்துப் போட்டுட்டு அதைக் கொண்டாங்க, எண்ணெய் விட்டுத் தரேன்."