இறுதிப் போட்டி ஐந்து மணிக்கு

அவராச்சனின் வயிற்றில் கைவைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினாள் சோசம்மா. நிமிடத்துக்கு இருபத்திரண்டு. மோட்டார் நியூரான் நோய் வந்த மூன்று வருடத்தில் கணவரிடம் அசைவதற்கு மிஞ்சியவை கண்களும் இந்த மூச்சும்தான். முப்பதைத் தாண்டினால் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தாள் நர்ஸ்.

தொலைக்காட்சியில், ஆலப்புழைப் படகுப் போட்டியின் முதல் சுற்றில் பாம்புப் படகுகள் சீறிக் கிளம்பின. அந்த நொடியில் மின்சாரம் போனது.

"நாசமாப் போக! நம்ம கரைப் படகு கிளம்புற நேரம் பாத்தா போவணும், இச்சாயா?" என்று கணவரிடம் புலம்பினாள்.

கைக்கடியில் மூச்சு மாறியது. மூன்று குட்டை, ஒரு நெட்டை. இருபது வருடம் படகின் நடுவில் நின்று, துடுப்புக்காரர்களுக்காக அவர் உலக்கையால் பலகையில் இடித்த அதே தாளம். பயப்பட வேண்டிய சோசம்மாவுக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"விடாதீங்க இச்சாயா! இடிங்க!"

நான்கு நிமிடம் இருபத்தேழு நொடியில், ஒரு நீண்ட மூச்சோடு தாளம் நின்றது.

கைபேசி அலறியது. அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். ஏரிக்கரையிலிருந்து பக்கத்து வீட்டு பினோய்.

"சேச்சி, ஜெயிச்சாச்சு! நாலு நிமிஷம் இருபத்தேழு செகண்ட்! கூத்தக் கேளுங்க, கிளம்பினதுமே நம்ம இடிக்காரன் உலக்கையோட தண்ணில விழுந்துட்டான். ஆனா இடிச் சத்தம் கடைசி வரைக்கும் நிக்கவே இல்ல. யாரு இடிச்சான்னு ஒருத்தனுக்கும் தெரியல. அஞ்சு மணிக்கு ஃபைனல்!"

சோசம்மா மறுபடி எண்ணினாள். முப்பத்தாறு. நர்ஸின் எண்ணைத் தேடி எடுத்தாள். அவராச்சனின் கண்கள் கடிகாரத்தைப் பார்த்தன. பிறகு அவளைப் பார்த்தன.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். கட்டிலை ஏரிப்பக்க ஜன்னலுக்குத் திருப்பினாள்.

"இப்ப மணி மூணுதான்," என்றாள். "அஞ்சு மணி வரைக்கும் மூச்ச மெல்ல விடுங்க."