மணியான பதில்

“இந்த பைனரி மரத்தை மட்டம் மட்டமாகப் படிக்கணும். எப்படிச் செய்வீங்க, ஜிஜோ?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள் சிவசங்கரி. இந்தக் கள்ளனை இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை.

அவள் கொழிஞ்சாம்பாறையில், வீட்டுக் கூடத்தில். கம்ப்யூட்டர் வேலைக்கு நேர்காணல் தர வந்த அவன் எர்ணாகுளத்தில், அவள் மடிக்கணினித் திரையில். எதைக் கேட்டாலும் கண் கீழே போகும், விரல்கள் எதையோ தட்டும். கொஞ்சம் மௌனம், அப்புறம் மணி மணியாகப் பதில்.

இப்படி யாரோ காதில் ஓதியதை ஒப்பித்தே இரண்டு பேர் அவளிடம் தேறிவிட்டார்கள். வேலைக்கு வந்த பிறகு ஒரு வரி எழுதத் தெரியவில்லை. இன்னொருத்தன் இப்படி வந்தால் உன் வேலை இருக்காது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

காலையில் புலம்பியபோது கணவன் ஈஸ்வரனுக்கும் கோபம் வந்தது. “அவனுங்கள சும்மா உடாத சங்கரி,” என்று சொல்லிவிட்டுத்தான் மாடியறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். அவனுக்கும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை.

“முதல்ல வேரை வரிசையில நிறுத்தணும்,” என்றான் ஜிஜோ. “ஒருத்தரை வெளியே எடுத்ததும், அவரோட ரெண்டு பிள்ளைகளை வரிசையின் கடைசியில சேர்க்கணும்.”

“ஒரு மட்டம் முடிஞ்சது எப்படித் தெரியும்?”

விரல்கள் தட்டின. மாடியில் ஈஸ்வரன் மீட்டிங்கில் யாருக்கோ விளக்குகிற சத்தம் வேறு அவள் எரிச்சலைக் கிளப்பியது.

“தொடங்கும்போதே வரிசையில எத்தனை பேர்னு எண்ணிக்கணும். அத்தனை பேரும் வெளியேறினா அந்த மட்டம் முடிஞ்சது.”

அப்பழுக்கில்லாத பதில். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவனுக்கு ஓதுகிறவன் மட்டும் கையில் கிடைத்தால் செவிட்டில் நாலு விட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கொட்டியது. மோட்டார் சுவிட்ச் மாடியறையில். மைக்கை அணைத்துவிட்டு, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

“ஏனுங்க! தண்ணி வழியுது, மோட்டாரை நிறுத்துங்க!”

மாடியில் ஏதோ மங்கலாகக் கேட்டது. அவள் திரைக்குத் திரும்பினாள்.

தமிழே தெரியாத ஜிஜோ, கேமராவை நேராகப் பார்த்து, பயபக்தியோடு ஒப்பித்தான்.

“இதா நிறுத்தறேன், சங்கரி!”