வாக்கெடுப்புக்கு நடுவே கோழி

மூன்றாவது வாழைப்பழ பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டே, ஆட்டுப்பண்ணைக்காரர் கெவ் மக்ளீஷ் இந்தோனேசிய வகுப்புக்குச் சமாதி கட்டிக்கொண்டிருந்தார்.

பஜ்ஜி சுட்டுக் கொண்டுவந்தவர் அந்த வகுப்பை எடுக்கும் வுலான்தாரி டீச்சர். பிள்ளைகளுக்கு அவர் ‘இபு’, அதாவது அம்மா. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை கெவ் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். வேறென்ன செய்வது?

அறுவடைக் காலம். விக்டோரியா மாநிலத்தின் அந்தக் கோதுமைக்காட்டு ஊரில் சாயங்காலக் கூட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அதனால் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஆசிரியர் அறையிலேயே பள்ளிக்குழு கூடிவிட்டது.

அடுத்த வருடம் இந்தோனேசிய மொழியா, ரோபோ வகுப்பா? மற்றவர்கள் சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள். கெவ் கை தூக்கும் பக்கம்தான் முடிவு.

தோற்றால் இபு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜாவாவிலிருந்து வந்து, இந்த ஊர் ஈக்கும் புழுதிக்கும் பழகி, இந்தக் குட்டிச்சாத்தான்களிடம் மனசையும் பறிகொடுத்தாயிற்று.

“நானும் இதே ஸ்கூல்ல இந்தோனேசியம் படிச்சவன்தான் டீச்சர். ஒரு வார்த்தை மண்டையில நிக்கல. ஆட்டுப்பண்ணையில அத வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கவா?” என்றார் கெவ்.

வெளியே கோழிகள் அலறின.

கெவ்வின் வண்டியிலிருந்து குதித்த செவலை நாய், பள்ளிக்கூடத்துக் கோழிகளை மைதானம் பூராவும் துரத்திக்கொண்டிருந்தது. அதன் பின்னால் பிள்ளைகள் கூச்சலோடு ஓடினார்கள்.

கெவ் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி அதட்டினார்.

“டியாம்! டுடுக்!”

நாய் அதே இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தது.

பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல், சம்மணம் போட்டு, கையைக் கட்டி, வாயை மூடி.

டியாம் என்றால் சத்தம் போடாதே, டுடுக் என்றால் உட்கார். இபுவின் வகுப்பு தினமும் அதில்தான் தொடங்கும்.

தலைமையாசிரியை ஃபெனெல்லா இருமினார்.

“அது... இந்தோனேசியம் இல்ல,” என்றார் கெவ். “நாய்க்குச் சொல்றது. இந்தப் பக்கம் எல்லாப் பண்ணையிலயும் நாய்க்கு அப்படித்தான் சொல்லுவோம்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அந்தப் பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் படித்தது இந்த ஒரே பள்ளிக்கூடத்தில்தான்.

இபு குனிந்து பஜ்ஜித் தட்டைச் சரிசெய்தார். நிமிர்ந்தால் சிரிப்பு வந்துவிடும், கூடவே அழுகையும்.

ஃபெனெல்லா வாக்குக் கேட்டார். “இந்தோனேசியத்துக்கு?” என்றதும் கெவ் தன் எண்ணெய்க் கையைத் தூக்கினார். முகம் காதுவரை சிவந்திருந்தது.

வெளியே நாயும் பிள்ளைகளும் இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

கெவ் மேசைமேல் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“‘வா’ன்னு எப்படிச் சொல்லணும், இபு? அத நடத்துன வாரம் எனக்கு அம்மை போட்டிருந்துச்சு.”