ஓல்டு போதாது

"'ஓல்டு ஹவுஸ்'னு எழுதினா ஒரு செங்கல்கூட அசையாதுய்யா. அதை அடி" என்றார் ஹெட்கிளார்க்கம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

பேட்டரிக் கடைக்காரர் பவ்யமாகக் கோடு போட்டு அடித்தார். பக்கத்து வீட்டை இடிக்கச் சொல்லி நகராட்சிக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுத வேண்டும் என்று வந்திருந்தார். அதற்கு இந்தத் தெருவில் வேறு யாரிடம் போவது? ஓய்வு பெறும்வரை அந்த ஆபீசின் இடிப்புப் பிரிவிலேயே உட்கார்ந்து, எந்த வார்த்தைக்கு எந்த வீடு விழும் என்பதைக் கரைத்துக் குடித்தவர் இந்த அம்மா.

"யார் வீடுன்னு நான் கேக்கவே இல்ல பாத்தியா? உனக்கு அந்தப் பக்கம் இருக்கிற தையல்காரிதானே? எனக்குத் தெரியாதா!"

சொல்லும்போதே அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. நடுவில் கடைக்காரர் வீடு, இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் தையல்காரி. அம்மாவின் ரவிக்கை அளவு வருஷா வருஷம் ஏறுகிறது என்று துணி தைக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவள் அவள். அன்றிலிருந்து அவள் கூரை விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே ஆசை.

கடைக்காரர் கூரையிலிருந்து காகிதத்தில் உதிர்ந்திருந்த சுண்ணாம்புத் தூளை ஊதிவிட்டு, மறுபடி பேனாவை எடுத்தார். "நீங்க சொல்லுங்க மேடம், நான் எழுதறேன்."

"'டைலாபிடேட்டட்'னு போடு, பாழடைஞ்சு கிடக்குன்னு அர்த்தம். அங்க ஒருத்தனும் வீட்டைப் பாக்க மாட்டான், வார்த்தையைத்தான் பாப்பான். 'ஓல்டு'ன்னா ஃபைல் தூங்கிடும். இதுக்கு முழிச்சுக்கும்."

"'நெக்ஸ்ட் ஹவுஸ்'னு போட்டிருக்கேன். சரிதானே?"

"மண்ணாங்கட்டி! நடுவுல சந்து இருந்தா 'நெய்பரிங்'. சுவரோட சுவர் ஒட்டியிருந்தா 'அட்ஜாய்னிங்'. ஒட்டியிருந்தாத்தான், ஒண்ணு விழுந்தா இன்னொண்ணையும் இழுத்துக்கிட்டு விழும்னு ஆபீஸ் பயப்படும். இதை எத்தனை பேர் மண்டையில ஏத்தியிருக்கேன் தெரியுமா? உனக்கு எது?"

"ஒட்டினதுதான் மேடம்."

"அடிப்பாவி! சந்தையும் வளைச்சுக் கட்டிட்டாளா?"

மூட்டுவலியால் வாசற்படி இறங்கியே வெகுநாளாகிவிட்ட அம்மாவுக்கு ஆத்திரமும் ஆனந்தமும் சேர்ந்து வந்தன. "போடு, போடு. 'அட்ஜாய்னிங்'னே போடு!"

கடைக்காரர் போட்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ரிப்பேர் பண்ணிக்கச் சொல்லி ஒரு வாய்ப்பு கொடுக்கலாமா மேடம்?"

"கெட்டுது போ! வாய்ப்பு கொடுத்தா ரெண்டு மூட்டை சிமெண்ட்டைப் பூசிட்டு உக்காந்துக்குவா. 'பியாண்ட் ரிப்பேர்'னு எழுது. கூடவே 'இம்மினென்ட் டேஞ்சர்', எந்த நேரமும் விழும்னு. இது ரெண்டும் சேந்துதுன்னா நோட்டீஸ்கூட ஒட்ட மாட்டாங்க. நேரா வண்டிதான்."

"அந்த வீட்ல இருக்கிறவங்க எங்க போவாங்க மேடம்?"

கேட்டுவிட்டு அவர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெருவுக்குப் போவாங்க. அதுக்கும் இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை வேணுமா உனக்கு?" அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். "இடிஞ்ச மனை சல்லிசா வரும், குடோன் கட்டிக்கலாம்னுதானே நீயும் வந்திருக்க? ரொம்ப நடிக்காத!"

கடைக்காரரும் சிரித்துவிட்டார். "உங்ககிட்ட மறைக்க முடியுமா மேடம்?"

மறுவாரமே தெருமுனையில் புல்டோசர் சத்தம் கேட்டது. அம்மா தலையைப் படிய வாரிக்கொண்டு, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சத்தம் கேட்டுத் தையல்காரி தன் இரண்டு பெண்களையும் அணைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்து நிற்பது தெரிந்தது. பார்க்கப் பார்க்க அம்மாவுக்கு மூட்டுவலிகூட மறந்துபோனது.

உள்ளே வந்த அதிகாரி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். ஒரு காலத்தில் அம்மாவிடம் வேலை பழகியவர்.

"வாப்பா, வா! பழைய ஆளைப் பாத்துட்டுத்தான் வேலையத் தொடங்கணும்னு வந்தியா? முதல்ல முடிச்சிட்டு வா, நிதானமா காபி குடிக்கலாம்."

அதிகாரி தலையைத் தூக்கவில்லை. "ஏதாவது முக்கியமான சாமான் இருந்தா எடுத்துக்குங்க மேடம். வண்டி நின்னுட்டிருக்கு."

"நான் எதுக்குப்பா எடுக்கணும்?" அம்மா எழுந்துவிட்டார். "ஐயோ, வீடு மாறி வந்துட்டீங்க! மனு கொடுத்தவனுக்கு அந்தப் பக்கத்து வீடு. எழுதிக் கொடுத்ததே நான்தான். போய்ப் பாரு, சந்தையும் சேத்து வளைச்சுக் கட்டியிருக்கா!"

"பாத்துட்டுத்தான் வரேன் மேடம். சந்து அப்படியே இருக்கு, அது 'நெய்பரிங்'. 'அட்ஜாய்னிங்' உங்க வீடுதான்."